இமயமலைப் பூமரம் லாயாங் லாயாங்கில் பூக்குமா?

மலைச்சரிவு முழுக்கச் செக்கச்செவேலெனப் பூத்து நிற்கும் ரொடோடென்ட்ரான் மரத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேப்பாளத்தின் தேசியப் பூ அது. ஜொகூரின் லாயாங் லாயாங்கில், நம் வாசலில் வைக்கலாமா என்றால், வேண்டாம். காசும் வீண், செடியும் வீண்.

மண்தான் காரணமா? இல்லை. அதற்குப் பிடித்தது அமில மண் (புளிப்புத்தன்மை உள்ள மண்). ஜொகூர் மண்ணும் பெரும்பாலும் அப்படித்தான். தடை, குளிர் இல்லாததுதான். இமயத்தில் 1,500 மீட்டருக்கு மேல் வளரும் மரம் அது. நீலகிரியில் உள்ள அதன் உறவான காட்டுப்பூவரசும் குளிர்ந்த உச்சிகளை விட்டு இறங்குவதில்லை. இங்கே இரவிலும் 23, 24 டிகிரி.

'சிங்கப்பூர் ரொடோடென்ட்ரான்' என்ற பெயரில் ஒரு செடி இருக்கிறதே? அது செண்டுடுக். செம்பனைத் தோட்ட ஓரமெல்லாம் ஊதா நிறத்தில் பூக்குமே, அதுதான். பெயரில் மட்டுமே உறவு. இலையைப் பாருங்கள்: காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகளாவது வளைந்து ஓடும். ரொடோடென்ட்ரான் இலையில் நடுநரம்பு ஒன்றுதான் எடுப்பாகத் தெரியும். இமயமலை மரத்தின் இலையைத் திருப்பினால், அடியில் வெள்ளியோ பழுப்போ கலந்த மெல்லிய பூம்படலம் விரலில் தட்டும்.

உண்மையான உறவு ஜொகூரிலேயே இருக்கிறது. தங்காக் அருகே, 1,276 மீட்டர் உயர லேடாங் மலையில் மல்லிகைபோல் வெண்குழல் பூக்கும் ஜாஸ்மினிஃபுளோரம் என்ற ரொடோடென்ட்ரான். 1840-களில் தாவரச் சேகரிப்பாளர் தாமஸ் லோப் அங்கிருந்துதான் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். நீங்கள் பார்த்து ரசிக்கலாம். தேசியப் பூங்கா என்பதால் பறிக்கக் கூடாது.

வீட்டில் வளர்த்தே ஆக வேண்டுமா? விரேயா (வெப்பநாட்டு ரொடோடென்ட்ரான் பிரிவு) வகையில், தாழ்நிலத்திலும் வளரும் லாங்கிஃபுளோரம் போன்றதை நர்சரியில் கேளுங்கள். இவற்றில் பல மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. வேர் தலைமுடிபோல் மெலிசு; காற்று வேண்டும். களிமண்ணில் புதைத்தால் அழுகிவிடும். பெரிய மரப்பட்டைத் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து தொட்டியில் வையுங்கள். காலை வெயில் போதும். சுண்ணாம்பு போடவே கூடாது, இலை மஞ்சளாகிவிடும்.

பிள்ளைகள் இருக்கும் வீடா? செண்டுடுக் பழத்தைத் தின்றால் நாக்கு கறுக்கும், அவ்வளவுதான். ரொடோடென்ட்ரான் இனங்கள் பலவற்றின் இலையிலும் தேனிலும் கிரயனோடாக்சின் (இதயத் துடிப்பைக் குறைக்கும் நஞ்சு) உண்டு. கேமரன் மலையிலிருந்து வாங்கிவரும் அசேலியாவும் ரொடோடென்ட்ரான்தான். ஆடு வளர்த்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்; வெட்டிய கிளைகளையும் ஆட்டின் முன் போடாதீர்கள்.