துக்கடா மரத்தில் ஒரு ஜாடி

அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த மரப் பூஜாடியைப் பற்றி ஓசூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளையும் பழுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாய் இருக்கிறதாம். 'பெயின்டா, மேலே ஒட்டிய தாளா?' என்று கேட்கிறார். இரண்டும் இல்லை, அம்மா. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி மரத்துண்டு. வெள்ளை மேப்பிள், பழுப்பு வால்நட், சிவப்பு படாக். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், அதே கட்டங்கள் அங்கேயும் தெரியும்.

கடைசலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பூரிக்கட்டையும் கட்டில் காலும் கடையாத ஊர் நம்மிடம் ஏது? இதில் வேடிக்கையெல்லாம் மரம் லேத்தில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எங்கள் கொல்லையில் இருந்த உறைக்கிணறு மாதிரி, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி ஒட்டியதுதான் இந்த ஜாடி. ஒவ்வொரு வளையமும் பெரும்பாலும் 12 துண்டுகள். துண்டின் இரு முனையையும் 15 பாகை சாய்த்து அறுத்தால், பன்னிரண்டும் சேர்ந்து 360 பாகை. பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஆனால் ரம்பத்துக்குக் கணக்கு தெரியாது. ஒவ்வொரு வெட்டிலும் பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும். 24 வெட்டுக்கு 2.4 பாகை ஆகிவிடும். 20 சென்டிமீட்டர் அகல வளையத்தில், கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே வெளிவிளிம்பில் நாலு மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். பசையை ஊற்றி மறைக்கலாம் என்று பார்த்தால், கடைந்தபின் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இதைச் சமாளிக்க இத்தகைய ஜாடி செய்பவர்கள் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முழு வளையத்தை ஒரேயடியாக ஒட்டுவதில்லை. ஆறு ஆறாக இரண்டு அரைவட்டங்கள் ஒட்டுகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இரு இடங்களில் மட்டும் பசை தடவாமல், நடுவே மெல்லிய குச்சி வைத்து, ரப்பர் பேண்டோ இரும்புப் பட்டையோ போட்டு இறுக்கிக் காயவிடுகிறார்கள். அத்தனை பிழையும் அந்த இரண்டு இடத்தில் வந்து ஒதுங்கிவிடும். பிறகு சமதளப் பலகையில் உப்புத்தாளை விரித்து, அரைவட்டத்தின் இரு முனைகளையும் ஒரே சமயத்தில் தேய்த்தால் நேர்கோடு. இப்போது இரண்டையும் சேர்த்தால் மயிரிழை தெரியாது. வட்டம் கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை, லேத்தில் உளி பார்த்துக்கொள்ளும்.

துண்டில் மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அடுத்த சங்கதி. ஐப்பசி மழையில் கதவு நிலையோடு பிடித்துக்கொள்கிறதே, அது அகலவாக்கில் மட்டும்தான் உப்புகிறது. நார் ஓடும் நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை. அதனால் துண்டுகளின் நார் வளையத்தைச் சுற்றியே ஓடும்படி வைக்கிறார்கள். ஜாடியின் அடியில் முழுப் பலகையை இறுக ஒட்டிவிட்டால் போச்சு. அது உப்பும், சுற்றியுள்ள வளையம் இடம் கொடுக்காது, ஏதாவது ஒன்று விரியும். தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். காய்ந்த பூ வையுங்கள்.

ரே ஆலன் என்ற அமெரிக்கக் கடைசல் கலைஞர், அந்நாட்டின் தென்மேற்குப் பழங்குடிகளின் மண்பானைக் கோலங்களை இப்படியே மரத்தில் கொண்டுவந்தார். இந்தக் கலையைப் பற்றி மால்கம் டிபெட்ஸ் 2005-இல் எழுதிய புத்தகம் இன்றும் பலருக்குப் பாடநூல். கடைசியில் வழவழப்பாக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. படாக்கின் சிவப்புத் தூள் வெள்ளை மேப்பிளில் ஏறி ரோஜா நிறமாக்கிவிடும் என்பதால், உப்புத்தாளை நம்பாமல் கூரான உளியாலேயே வழவழப்பாக்கப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த 20 சென்டிமீட்டர் வளையத்துக்கு வேண்டிய துண்டின் நீளம் சுமார் 54 மில்லிமீட்டர்தான். பட்டறை மூலையில் கிடக்கும் துக்கடாவே தாராளம். அப்படியிருக்க, ஆப்பிரிக்கக் காட்டில் அருகிவரும் வெங்கே மரத்தைப் பலகை பலகையாக வாங்கி நறுக்குகிறார்கள். நம் ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிலைமை அப்படி.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? மஞ்சள் பலா, தந்த நிற வெட்பாலை, படாக்குக்குப் பங்காளியான வேங்கை எல்லாம் நம் ஊரில் துண்டு துண்டாக அடுப்புக்குப் போகின்றன. வீட்டில் மரவேலை நடந்தால் அரையடித் துண்டுகளையெல்லாம் வகை பிரித்து ஒரு சாக்கில் போட்டு, பக்கத்துக் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தேக்கை மட்டும் ஒட்டுமுன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது.