மணி அடித்த பிறகும் பள்ளிக்கூடம் உண்டு



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. சீருடை வாங்கினோம், பஸ் காசு கட்டினோம், அதோடு நம் கடமை தீர்ந்தது என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஒரு வாரத்தில் அந்தப் பள்ளியில் என்னென்ன நடக்கிறது என்று எத்தனை வீட்டில் தெரியும்? இந்த வாரம் அதைப் பேசுவோம்.

வாரத்தின் முதல் நாள் சபைகூடல். கெடாவில் அது ஞாயிற்றுக்கிழமை. பேரா, சிலாங்கூர் பக்கம் திங்கட்கிழமை. நெகாராகூ பாடி, ருக்குன் நெகாரா உறுதிமொழி எடுத்த பிறகு பள்ளி முதல்வர் பேசுவார். பரீட்சை எப்போது, என்ன போட்டி வருகிறது, எந்தப் பாரத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் சொல்வார்கள். எல்லாம் மலாயில். புதிதாகப் போன பிள்ளைக்குப் பாதி புரியும், பாதி புரியாது. கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் வந்துவிடும். அன்று சாயங்காலம், "இன்னிக்குப் பள்ளியில என்னா சொன்னாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு நாம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

வாரத்தின் நடுவில், பல பள்ளிகளில் புதன்கிழமை பிற்பகலில், புறப்பாட நடவடிக்கை. சாரணர், செம்பிறைச் சங்கம் போன்ற சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்று ஒவ்வொரு பிள்ளையும் சேர வேண்டும். "படிப்ப விட்டுட்டு என்னா ஆட்டம்?" என்று நாம் திட்டுகிறோம். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும்போது, 100 புள்ளியில் 10 புள்ளி இந்தப் புறப்பாடத்துக்குத்தான். அரைப் புள்ளியில் இடம் பறிபோகிற காலத்தில் 10 புள்ளி சின்ன விஷயமா?

அடுத்தது தமிழ் வகுப்பு. சில பள்ளிகளில் கால அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. வேறு சில பள்ளிகளில் மணி அடித்த பிறகு நடக்கிறது. இன்னும் சில இடங்களில் வகுப்பே கிடையாது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதாத பிள்ளை, பின்னாளில் தமிழாசிரியர் பயிற்சிக்கு மனுப் போட வழியில்லை. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாளைக்கு அங்கே பாடம் சொல்லிக் கொடுக்க யார் வருவது?

இந்த இரண்டு பிற்பகலையும் தோட்டத்துப் பிள்ளைதான் அதிகமாகத் தவற விடுகிறது. காரணம் சோம்பேறித்தனம் அல்ல, பஸ்தான். பட்டணத்துப் பிள்ளை சாயங்காலம் வரை இருந்துவிட்டு அப்பாவின் மோட்டாரில் வீட்டுக்குப் போகும். நம் பிள்ளை மத்தியானப் பஸ்ஸை விட்டால் செம்பனைக் காட்டுச் சாலையில் நடந்துதான் வர வேண்டும். பால் மரம் வெட்டும் தாய் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "தமிழ் கிளாஸுக்கு இருக்கட்டுமான்னு மக கேட்டுச்சுங்கய்யா. வயசுப் பிள்ளை, இருட்டுல எப்படி வரும்? வேணாம்னுட்டேன்." அந்தத் தாயை யார் குறை சொல்ல முடியும்? ஒரு தாய் தனியாக இதற்கு வழி செய்ய முடியாது. பத்துக் குடும்பம் சேர்ந்தால் முடியும்.

முதலாவது, வகுப்பு இல்லாத பள்ளியில் வகுப்புக் கேளுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் படிக்க வசதி செய்து தர வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டத்தில் எழுதியிருக்கிற உரிமை. பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டு பெயர், படிவம், கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தைப் பள்ளி முதல்வரிடம் கொடுத்து, ஒரு நகலில் பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பஸ். புறப்பாட நாளையும் தமிழ் வகுப்பு நாளையும் எழுதிக்கொண்டு, பஸ்காரரிடம் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பேசுங்கள். ஒரு பிள்ளைக்காக வராதவர் பத்துப் பிள்ளைக்காகச் சாயங்காலம் ஒரு நடை வருவார். தமிழ் வகுப்பையும் புறப்பாட நாளிலேயே வைக்க முடியுமா என்று பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். ஒரே நடையில் இரண்டும் தீரும்.

மூன்றாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஆண்டுக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் போவது குறைவு. "நமக்கு மலாய் சரியா வராதே" என்று பின்வாங்காதீர்கள். பெரட்டுக் களத்தில் மண்டோரிடம் பேசுகிற மலாய் அங்கேயும் போதும். நாலைந்து பேராகச் சேர்ந்து போய் உட்காருங்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2009ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடம்தான் எடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று நம் மக்கள் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டிலேயே 12 பாடம் வரை எடுக்க அமைச்சரவை வழிவிட்டது.

சம்பள உயர்வை நாம் தனித்தனியாகப் போய்க் கேட்டதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் தனித்தனியாக நிற்க வேண்டும்? இந்தச் சம்பள நாளன்று லயத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுற்றுக்கு விடுங்கள். 15 பிள்ளைகளின் பெயர் சேருகிறதா, பார்ப்போம்.