தோணிக்குப் பதில் விமானம்

ஐரோப்பாவின் ராணுவ மியூசியங்களைப் பார்க்க நண்பர்கள் சேர்ந்து கிளம்புகிறார்கள். ஐரோப்பியர் தோற்றுப்போன ஒரு போரின் தடயங்களோ தம்பானூரிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் கிடக்கின்றன.

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரில் கேரள அரசு பஸ் நிலையம். அதன் அருகே, செங்கல்லைச் சுருட்டி நிறுத்தியதுபோல ஒரு வட்டக் கட்டடம். இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படி என்று தனியாகக் கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சுவரோரமாகப் போட்ட மேசைகளும் கூடவே ஏறுகின்றன. வடிவமைத்தவர் லாரி பேக்கர். போரே கூடாது என்னும் க்வேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்காமல் ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்து சீனாவுக்குப் போனவர்.

நாலு நண்பர்கள் கூடி வெளிநாட்டு டூர் பற்றிப் பேச இதைவிடத் தோதான இடம் திருவனந்தபுரத்தில் குறைவு. அந்த டூர் ராணுவ மியூசியங்களைப் பார்ப்பதற்கென்றே போடப்படுவதாக இருந்தால், பேக்கர் தாடிக்குள் சிரித்துக்கொண்டிருப்பார்.

இப்படியும் ஒரு வகை யாத்திரிகர்கள் உண்டு. ஐஃபெல் கோபுரத்துக்கு அரை மணி நேரம், பீரங்கி வரிசைக்கு அரை நாள் என்று கணக்குப் போடுகிறவர்கள். கூட்டத்தில் ஒருவருக்கு டாங்கி என்றால் உயிர். இன்னொருவர் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குபவர். மூன்றாமவருக்குச் சரித்திரப் பித்து. நான்காமவர், மற்ற மூவரும் போகிறார்களே என்று போகிறவர். செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு அநேகமாக இவர் தலையில்தான் விழும். தனியாகப் போனால் இந்த மியூசியங்கள் இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும். பக்கத்தில் நின்று வாதாட ஆள் இருந்தால்தான் ஒரு பழைய துப்பாக்கிகூடப் பேச ஆரம்பிக்கும்.

பழக்கம் புதிதல்ல. 1815-இல் வாட்டர்லூவில் புகை அடங்கிய கையோடு ஆங்கிலேயர்கள் களத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். முதல் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1917-இல், டயர் தயாரிக்கும் மிஷலின் கம்பெனி போர்க்களங்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடத் தொடங்கியது. காரில் போய்ப் பார்த்தால்தானே டயர் தேயும்.

இன்று இந்த யாத்திரைக்கு ஏறக்குறைய நிலைத்துவிட்ட ஒரு பாதை இருக்கிறது. லண்டனில் இம்பீரியல் போர் மியூசியம். போர் நடந்துகொண்டிருந்தபோதே 1917-இல் தொடங்கப்பட்டு, 1936-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. அதற்குமுன் அந்தக் கட்டடம் மனநோய் மருத்துவமனை. யுத்தத்தைக் காட்சிக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது என்ற நகைச்சுவையை ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். அடுத்தது பாரிஸின் இன்வாலிட். காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பதினான்காம் லூயி கட்டிய விடுதி அது. இப்போது ஒரு பக்கம் ராணுவ மியூசியம், நடுவில் நெப்போலியன் சமாதி. அங்கிருந்து பெல்ஜியத்தின் ஈப்ர நகரம். அங்குள்ள மெனின் வாயிலில் 1928 முதல் தினமும் மாலை 8 மணிக்கு, மாண்டவர்களுக்காகப் பித்தளைக் கொம்பு ஊதப்படுகிறது. ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் மட்டும் அது நின்றது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். இங்கிலாந்துக்குத் தனி விசா.

ஈப்ரவிலிருந்து எல்லையைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்தால் நெவ் ஷாப்பெல். 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. முதல் உலகப் போரில் மேற்கு முனையில் விழுந்து, கல்லறைகூட இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. டாங்கிப் பிரியர்கூட இங்கே வாய் மூடி நிற்பார். பெயர்களில் பெரும்பாலானவை பஞ்சாப், கார்வால், நேபாள மலைப்பக்கத்துப் பெயர்கள். தெற்கிலிருந்து போகிறவர் தன் ஊர்ப்பக்கத்துப் பெயர் ஏதும் அகப்படுமா என்று விரலை ஓட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்தப் பாதையில் நெதர்லாந்துதான் விசேஷம். சூஸ்டர்பெர்க்கின் பழைய விமானத் தளத்தில் 2014-இல் திறந்த தேசிய ராணுவ மியூசியம் விமானம், டாங்கி என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் நம் பக்கத்துக் கதை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த ஒரு சிறு பீரங்கி. டச்சுக் கம்பெனியின் படை 1765-இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கிடைத்த சாமான். 2023 டிசம்பரில் அது இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டது. இப்போது அதைப் பார்க்க வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாம் பயனில்லை. கொழும்புக்குப் போக வேண்டும்.

அதே டச்சுக் கம்பெனி, கண்டிக்குக் கால் நூற்றாண்டு முன்னால், திருவிதாங்கூரிடம் வசமாக மாட்டிக்கொண்டது. இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹோஃப், 1739-இல் மார்த்தாண்ட வர்மாவைச் சந்தித்து, படையெடுப்போம் என்று மிரட்டினார். வந்தால் பார்த்துக்கொள்கிறேன், நானும் என் மீனவர்களோடு தோணிகளில் ஐரோப்பாவின் மேல் படையெடுப்பதாகத்தான் இருக்கிறேன் என்று மன்னர் பதில் சொன்னதாகத் திருவிதாங்கூர் வரலாறுகள் கூறும். அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. இருநூற்றெண்பது ஆண்டு கழித்து அவருடைய நாட்டார் விமானத்தில், கேமராவோடு, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் இறங்குகிறார்கள்.

ஆனால் டச்சுக்காரர்கள் உண்மையிலேயே வந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து கடற்கரையில் இறங்கி, குளச்சலைப் பிடித்துக்கொண்டு, தலைநகரான பத்மநாபபுரம்வரை அச்சுறுத்தினார்கள். 1741-இல் குளச்சலில் அவர்கள் முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்தார்கள். தேதியில் சிக்கல் உண்டு. சில நூல்கள் ஜூலை 31 என்கின்றன, சில ஆகஸ்ட் 10. பழைய காலண்டர், புதிய காலண்டர் வித்தியாசம் என்று சமாதானம் சொல்வதும் ஒட்டவில்லை. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள், இங்கே 10 நாள்தான் வருகிறது. திருவிதாங்கூர்ப் படையின் வாரிசாக, இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன் இருக்கிறது. ராணுவம் குளச்சல் தினம் கொண்டாடுவது ஜூலை 31-இல்.

இந்தப் போரைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு விசா வேண்டாம். காபி ஹவுஸ் வாசலிலிருந்து சில அடி நடந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் போதும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை. அங்கே மாநில எல்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகைகள் மாறுகின்றன, சினிமா போஸ்டர்கள் மாறுகின்றன. பேச்சு மட்டும் ஒரேயடியாக மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ராஜ்யம்.

தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மறந்து வந்து வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. கருங்கண்ணாடிபோல் பளபளக்கும் தரையையும் மரவேலைப்பாட்டையும் பார்த்துக்கொண்டே போகிற கூட்டம், ஓர் ஓவியத்தின் முன்னால் நிற்க வேண்டும். டச்சுத் தளபதி டி லனாய் மன்னர் முன் சரணடையும் காட்சி.

அந்த மனிதர்தான் இந்தக் கதையின் உயிர். யூஸ்டாகியஸ் டி லனாய் கைதியாக வந்தார், போகவேயில்லை. மார்த்தாண்ட வர்மா அவரைத் தூக்கிலிடவும் இல்லை, பிணைத்தொகை கேட்டு அனுப்பவும் இல்லை. என் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடு என்றார். டி லனாய் ஐரோப்பிய முறையில் படையைப் பழக்கினார், கோட்டைகளைப் புதுப்பித்தார், பீரங்கி வார்த்தார். வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, முப்பத்தாறு ஆண்டு சேவகம் செய்தார். 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக் கம்பெனியே திருவிதாங்கூருக்கு ஆயுதம் விற்கச் சம்மதித்தது. தோற்றவன் வியாபாரியாகத் திரும்பி வந்தான்.

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான் பார்க்க வரும் குழந்தைகள் ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம். உள்ளே டி லனாய், அவர் மனைவி, களக்காட்டுப் போரில் இளம் வயதில் மாண்ட மகன் ஆகியோரின் கல்லறைகள். 1777-இல் இறந்த தளபதியின் கல்லில் இரண்டு மொழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன: ஒன்று லத்தீன், மற்றொன்று தமிழ். பிரான்சின் அராஸ் நகரத்தில் பிறந்து, டச்சுக்காரர்களிடம் கூலி வாங்கி, மலையாள மன்னருக்குப் படை நடத்தியவருக்குத் தமிழில் கல்லெழுத்து. லண்டனிலும் பாரிஸிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த எதுவும் இதற்கு ஈடாகாது. இங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை. வெயிலும் மழையும் நேராக விழுகின்றன.

இதே டி லனாயின் நட்பால் கிறிஸ்தவரான அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்ற பெயரில் 1752-இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் முழங்கையால் இடித்துத் தண்ணீர் வரவழைத்ததாகச் சொல்லப்படும் பாறையும் புலியூர்க்குறிச்சியில்தான் உள்ளது. கோட்டைக்கு வரும் கூட்டத்தைவிட அந்தப் பாறைக்கு வரும் கூட்டம் பெரிது.

பெருமை பேசும்போது நம்மவர்கள் கொஞ்சம் அதிகமாகவே நீட்டிவிடுகிறார்கள். ஆசியர் ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் போர் குளச்சல் என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. அப்படியல்ல. கண்டிப் படை 1638-இல் கன்னொறுவையில் போர்ச்சுகீசியரை அழித்திருக்கிறது. சீனத் தளபதி கோஷிங்கா 1662-இல் தைவானில் இதே டச்சுக்காரர்களின் ஸீலாண்டியா கோட்டையைப் பிடித்திருக்கிறார். தவிர, குளச்சலில் சிக்கியவர்களுக்கு உதவிப்படை வராமல் போனதற்கு ஒரு காரணம் ஜாவா. 1740 அக்டோபரில் படேவியாவில் சீனர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டு, அதிலிருந்து கிளம்பிய கலகத்தை அடக்குவதிலேயே கம்பெனியின் கை சிக்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சொன்னால் வெற்றி சிறுத்துவிடாது. ஈப்ர மியூசியத்தில் ஜெர்மன் சிப்பாயின் கதையும் சொல்லப்படுகிறது என்பதற்காக யாரும் அங்கே போகாமல் இருப்பதில்லை.

ஒரு நல்ல மியூசியத்துக்கு வேண்டிய சரக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் அது சிதறிக் கிடக்கிறது. ஓவியம் கேரளத் துறையிடம், கல்லறை தமிழக வனத்துறையிடம், கொண்டாட்டம் ராணுவத்திடம். கம்பெனியின் பெரும் ஆவணக் குவியல் ஹேக் நகரத்தில் இருக்க, மலபார் பகுதி டச்சுக் கணக்குகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாரும் ஒளித்து வைத்ததில்லை. 1956-இல் கோடு போட்டபோது போர் ஒரு பக்கமும் அதை நடத்திய ராஜவம்சத்தின் ஊர் மறுபக்கமுமாகப் போயின. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு மார்த்தாண்ட வர்மா அடுத்த மாநிலத்து ராஜா. கேரளப் பிள்ளைக்குக் குளச்சல் அடுத்த மாநிலத்து மீன்பிடித் துறைமுகம்.

தக்கலையிலிருந்து இரணியல் வழியாகப் போனால் அந்தத் துறைமுகம் வந்துவிடும். கடலோரத்தில் வெற்றித் தூண் நிற்கிறது. படை எண்ணிக்கை பெரிதாகத் தெரிய, மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துக்கொண்டு அணிவகுத்து நின்றார்கள் என்பது இந்தக் கரையின் வாய்மொழி. ஆவணத்தில் இல்லாவிட்டாலும் போகட்டும். ஐரோப்பாவைத் தோணியில் பிடிக்கப்போவதாக மன்னர் சொன்னதும் இவர்களை நம்பித்தானே. இவர்களின் சந்ததிகளுக்கு நினைவுச் சின்னம் என்றால் முதலில் மனசில் வருவது வேறு ஒரு நாளாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று குளச்சல். மொத்தமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டி வந்தது.

ஜூலை 31 வருகிறபோது ராணுவத்தார் வந்து தூணுக்கு மலர் வளையம் வைத்து மரியாதை செய்கிறார்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை முடிகிற நாளும் அதுதான். சடங்கு நடக்கும்போது துறைமுகத்தில் வலையும் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நள்ளிரவு தாண்டியதும் படகுகள் கடலுக்குள் போகும்.