பஸ் எப்போது வரும்? திரையில் தெரியும் நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றாகிவிட்டது. மெயில் பார்க்கிறீர்கள், பாட்டு கேட்கிறீர்கள், மின் கட்டணம் செலுத்துகிறீர்கள். இனி வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பஸ் எப்போது வரும் என்பதையும் அதே திரையில் பார்க்கலாம். ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது, எந்த அளவிற்கு அதை நம்பலாம் என்று தெரிந்து கொண்டு பார்ப்பது நல்லது.

நான் சிட்லபாக்கத்தில் குடியிருக்கிறேன். சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை அமைத்துக் கொடுக்கப் போனபோது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “தம்பி, 8 நிமிஷம்னு போடுது. பஸ் 20 நிமிஷம் கழிச்சு வருது. பொய் சொல்றது பஸ்ஸா, கம்ப்யூட்டரா?”

அவருக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவ்வப்போது மனைவியுடன் திருநெல்வேலிக்குப் போய் வருபவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்க முடியாது. இரவு பஸ்ஸைத் தவற விட்டால் டிக்கெட் பணமும் போய், பயணமும் கெடும்.

முதலில், எங்கே போக வேண்டும்?

வெளியூர் பஸ் நிலையம் சென்னையில் இரண்டு முறை இடம் மாறியிருக்கிறது. பாரிமுனை பிராட்வேயில் இருந்து 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்கு வந்தது. பின்னர் தென் மாவட்ட பஸ்களுக்காக, தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய முனையம் கட்டப்பட்டு, 2023 டிசம்பர் 30ல் திறக்கப்பட்டது. கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் என்பது அதன் பெயர். அடுத்த சில வாரங்களில் ஆம்னி பஸ்களும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பிற பஸ்களும் படிப்படியாக அங்கே மாற்றப்பட்டன.

இதில் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் எழுதி வைத்த பக்கம் தானாக அழிவதில்லை. தென் மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டில் கிளம்பும் என்று 2015ல் யாரோ எழுதிய பக்கம், நீங்கள் தேடும்போது முதலில் வந்து நிற்கலாம். அதை நம்பி வடக்கே கோயம்பேட்டுக்குப் போனால், தெற்கே உள்ள கிளாம்பாக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் பஸ் போய்விடும். எனவே தேடிக் கிடைத்த பக்கத்தில் முதலில் தேதியைப் பாருங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் அதில் பஸ் ஏறுமிடம் குறிப்பிடப்பட்டிருக்கும். அதுதான் இறுதி முடிவு.

திரையில் இருப்பது இரண்டு வகை நேரம்

பஸ் நேரம் என்று திரையில் தெரிவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கால அட்டவணை நேரம். மற்றொன்று பஸ் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துக் கணக்கிட்ட நேரம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கால அட்டவணை நேரம் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த பைல். 2005ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து இதற்கு ஒரு பொது வடிவம் அமைத்தன. ஜி.டி.எஃப்.எஸ். என்று பெயர். இன்று உலகின் பல நகரங்கள் பஸ், ரயில் விவரங்களை இந்த வடிவில்தான் தருகின்றன. பெரிய வித்தை ஏதும் இல்லை. நோட்பேடில் திறந்து படிக்கக் கூடிய சாதாரண டெக்ஸ்ட் பைல்கள் சிலவற்றை ஒன்றாகச் சுருட்டி ஜிப் செய்திருப்பார்கள். ஒரு பைலில் நிறுத்தங்களின் பெயரும் அவை இருக்கும் இடமும் இருக்கும். இன்னொன்றில் தட எண்கள். மற்றொன்றில் எந்த பஸ் எந்த நிறுத்தத்திற்கு எத்தனை மணிக்கு வரும் என்ற வரிசை. மழை பெய்தாலும், சாலையில் பள்ளம் தோண்டினாலும் அந்த பைல் மாறாது.

இரண்டாவது வகை, ஜி.பி.எஸ். மூலம் வருவது. பூமியில் இருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. பஸ்ஸில் உள்ள சிறு கருவி குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பெற்று, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பிறகு செல்போனில் இருப்பது போன்ற ஒரு சிம் கார்டு வழியாக அந்த இடத்தை சர்வருக்கு அனுப்புகிறது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோளுக்கு பஸ் இருப்பதே தெரியாது. கருவிதான் கேட்டுக் கணக்கிடுகிறது. ஆகவே கருவி பழுதானாலோ, சிம்முக்கு சிக்னல் கிடைக்காவிட்டாலோ பஸ் திரையில் இருந்து மறைந்துவிடும். சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 3,000க்கும் மேற்பட்ட பஸ்களை இயக்குகிறது. பஸ் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘சென்னை பஸ்’ அப்ளிகேஷன் 2022ல் வெளிவந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ அப்ளிகேஷன் 2025 செப்டம்பர் 22ல் தொடங்கப்பட்டது.

8 நிமிடம் எப்படி 20 ஆகிறது?

பஸ் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அது உங்கள் நிறுத்தத்திற்கு வரும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பஸ் 6 கி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வந்தால் 20 நிமிடம். 12 கி.மீ. வேகத்தில் வந்தால் 30 நிமிடம். இடத்தைச் சரியாகச் சொன்னாலும், வேகத்தை ஊகித்ததில் 10 நிமிடம் மாறிவிடுகிறது. எனவே கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை, பஸ்ஸும் பொய் சொல்லவில்லை. இடம் என்பது அளந்தது. நேரம் என்பது ஊகித்தது. அவ்வளவுதான்.

ஊகம் எங்கெல்லாம் தவறும் என்று தெரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. புறப்படும் இடம். பஸ் இன்னும் கிளம்பவில்லை என்றால் கணக்கிட எதுவும் இல்லை. டிரைவர் டீ குடித்து முடிப்பது எப்போது என்று எந்த சர்வருக்கும் தெரியாது. பஸ் கிளம்பும் நிலையத்திற்கு அருகில் உங்கள் நிறுத்தம் இருந்தால் திரையில் தெரிவது பெரும்பாலும் அட்டவணை நேரம்தான்.

2. ஒட்டி வரும் பஸ்கள். ஒரு பஸ் சற்று தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கூட்டம் குறைவு. வேகமாக வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றும் வராமல் இரண்டு சேர்ந்து வருவது இதனால்தான். முன்னது நெரிந்து வந்தால் பின்னதைத் திரையில் பாருங்கள். அருகிலேயே இருந்தால் அதில் உட்கார்ந்து போகலாம்.

3. கட் சர்வீஸ். தட எண் அதேதான். ஆனால் பஸ் பாதி வழியில் திரும்பிவிடும். எண்ணை மட்டும் பார்க்காமல், போய்ச் சேரும் இடத்தின் பெயரையும் பாருங்கள்.

4. எதிர்ப்பக்க நிறுத்தம். ஒரே பெயரில் சாலையின் இரு பக்கமும் நிறுத்தம் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வெவ்வேறு நிறுத்தங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் பகுதிகளில் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்லும் பஸ்கள் ரயில் பாதையை ஒட்டிய பக்கத்தில் வரும். சிட்லபாக்கத்தில் இருந்து ரயில் பாதையைக் கடந்து வருவோர் கிளாம்பாக்கம் போக ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. சாலையில் பஸ், லாரி, கார், ஆட்டோ எல்லாம் ஒன்றாகப் போகின்றன. எக்ஸ்பிரஸ் பஸ் சில நிறுத்தங்களில் நிற்காமல் நேரத்தை மிச்சப்படுத்தினாலும், சிக்னலில் எல்லோருடனும் சேர்ந்துதான் நிற்கும். பிரேசிலின் குரிடிபா நகரில் 1974 முதலும், நம் அகமதாபாத்தில் 2009 முதலும் பஸ்ஸுக்கெனத் தனிப் பாதை இருக்கிறது. தனிப் பாதையில் வேகம் அதிகம் மாறாது. எனவே அங்கே திரையில் தெரியும் நேரத்தை நம்புவது சுலபம். சாலை எப்படியோ, ஊகமும் அப்படியே.

கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளத்திற்குச் செல்லுங்கள். டைரக்‌ஷன்ஸ் என்ற அம்புக்குறியில் கிளிக் செய்து, புறப்படும் இடம் சிட்லபாக்கம் என்றும், சேரும் இடம் கிளாம்பாக்கம் பஸ் முனையம் என்றும் டைப் செய்யுங்கள். மேலே உள்ள படங்களில் ரயில் போன்ற படத்தைத் தேர்ந்தெடுத்தால் பஸ், ரயில் வழிகள் கிடைக்கும். அங்கே லீவ் நவ் என்று இருப்பதில் கிளிக் செய்தால் அரைவ் பை என்ற பிரிவு கிடைக்கும். வெளியூர் பஸ் பிடிப்போருக்கு உதவுவது இதுதான். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று தந்தால், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்லும். நாளைய பயணத்திற்கு இப்படிக் கிடைப்பது அட்டவணை நேரமே என்பதை நினைவில் வையுங்கள்.

கிளம்பும் நேரத்தில் மொபைல் அப்ளிகேஷனில் பஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இன்ஸ்டால் செய்யும் முன் வெளியிட்டவர் பெயரைச் சரி பாருங்கள். பெயர் ஒன்று போல இருக்கும் போலிகள் எதிலும் உண்டு. இருப்பிடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டால், அப்ளிகேஷன் திறந்திருக்கும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போதும்.

உங்கள் நிறுத்தத்திற்கு நீங்களே ஒரு கணக்கு

இனி ஆசிரியருக்கு நான் சொல்லிக் கொடுத்த முறை. எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். ஏ நெட்டு வரிசையில் திரை சொன்ன நிமிடம். பி வரிசையில் உண்மையில் காத்திருந்த நிமிடம். சி2 கட்டத்தில் சமக்குறி போட்டு, பி2 கழித்தல் ஏ2 என்று தந்து என்டர் தட்டுங்கள். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து மவுஸால் கீழே இழுத்தால் எல்லா வரிகளுக்கும் கணக்கு வந்துவிடும். பஸ்ஸில் போகும் நாளெல்லாம் ஒரு வரி எழுதினால் போதும்.

உதாரணத்திற்கு 5 நாள் தாமதம் 2, 0, 3, 1, 14 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏவரேஜ் பார்முலா தந்தால் சராசரி 4 என்று வரும். மேக்ஸ் பார்முலா தந்தால் 14 என்று வரும். காய்கறி வாங்கப் போகும் நாளில் சராசரியை நம்பலாம். ரிசர்வேஷன் செய்த பஸ்ஸைப் பிடிக்கும் நாளில் சராசரியைப் பார்க்கவே கூடாது. அன்றைக்கு மேக்ஸ்தான் கணக்கு. அந்த 14 நிமிடம் உங்கள் பயண நாளிலேயே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தால் இரண்டின் அதிகபட்சத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை அல்லது சானடோரியத்தில் மின்சார ரயில் ஏறி தாம்பரம் வரை போனால், சாலை நெரிசலில் ஒரு பகுதி குறையும். அதற்கும் தனியாக ஒரு ஷீட் போட்டு வையுங்கள். எது தேவலை என்று 2 வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. கால் வலி உள்ளவர் நிறுத்தத்திற்கு எப்போது கிளம்பலாம் என்பதற்கு மறுபுறம் பாருங்கள். சி வரிசையில் கழித்தல் குறியுடன் எண் வந்தால் பஸ் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது என்று பொருள். உங்கள் நிறுத்தத்தில் அப்படி ஒரு நாளும் நடக்கவில்லை என்றால், கடைசி 5 நிமிடம் வரை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாம். நிழற்குடை இல்லாத இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த ஷீட்டை அச்சிட்டு கம்ப்யூட்டர் மேஜை அருகே ஒட்டி வையுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் உதவும். முதல் வரியை நாளைக்கே எழுதிப் பாருங்களேன்.