மருந்து போடாமல் குண்டு கெட்டித்துவிட்டால்

குழல்வாய் வழியே முதலில் கருமருந்து, அதன்மேல் அடைப்பு, அதன்மேல் ரவை அல்லது குண்டு, கடைசியாக இன்னோர் அடைப்பு. நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிக்கும் வரிசை இவ்வளவுதான். இதில் முதல் படியை மறந்துவிட்டு நேராக அடுத்த படிக்குப் போய்விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பேசிக்கொண்டே கெட்டிப்பது, பாதியில் யாரோ கூப்பிட எழுந்து போவது, ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பது, இருட்டு, பனிமூட்டம், அவசரம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குழலின் அடியில் குண்டு இறுக உட்கார்ந்திருக்கும். அதைத் தள்ளி வெளியே அனுப்ப அதன் பின்னால் மருந்து இருக்காது. விசையை இழுத்தால் குதிரை விழும், பொறி தரும் கேப்பு மட்டும் 'டப்' என்று வெடிக்கும், அதோடு சரி. ஆங்கிலத்தில் இதை 'டிரை பால்' என்பார்கள்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். மருந்தே இல்லாத துப்பாக்கியால் என்ன ஆபத்து வந்துவிடும் என்றும் தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் இந்த மலை, கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேடுதான் இதன் முக்கிய ஊர். சுற்றிலும் மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, மரவள்ளி, சாமை. விளைந்ததைப் பன்றி கிண்டிப் போடுவதும் குரங்கு பறித்துப் போவதும் மலைக் குடியானவருக்குப் பழகிப்போன துயரம். அந்தத் துயரத்துக்கு விடையாக வந்ததுதான் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்று 13ஆம் பிரிவில் தனியாகச் சொல்கிறது. உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்களைப் பற்றிய செய்திகளும் இந்த மலையிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டேதான் இருக்கின்றன. இரு தரப்பாருக்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு: குழலுக்குள் இப்போது என்ன இருக்கிறது?

மருந்து போடவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேப்பு வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை" என்பதுதான். அதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு. மலைப் பனியில் மருந்து ஈரம் குடித்திருக்கலாம். கேப்பு உட்காரும் முளையின் நுண்துளை துருவாலோ கரியாலோ அடைத்திருக்கலாம். தீப்பொறி உள்ளே போய் மருந்தில் பட்டும் படாமலும் கனிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் வெடி தாமதமாக வரும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே ஒரே 'டப்'தான். நான்கில் எது என்று ஊகித்து, அந்த ஊகத்தை நம்பிக் குழல்வாயில் கண்ணை வைத்துப் பார்க்கிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

நீண்ட காலம் கிடந்தால் மருந்து செத்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பீரங்கி பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. 2013 ஜனவரியில் துருவை எடுக்கத் திறந்தபோது, உள்ளே குண்டும் அதன் பின்னால் சுமார் 800 கிராம் கருமருந்தும் இருந்தன. காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வந்துதான் அகற்றியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த மருந்தே அப்படியென்றால், தாத்தா காலத்தில் கெட்டித்துப் பரணில் போட்டதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கு. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து 27,574 துப்பாக்கிகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஏறத்தாழ 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. பல ஆயிரங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று என்று கெட்டித்திருந்தார்கள். ஒன்றில் 23 சுமை இருந்ததாம். பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே பதற்றத்தில் வரிசை மறந்துபோனது. ஒரு துப்பாக்கியில் ஒரு சுமைதான் இருக்கும் என்றுகூட நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆகவே முதல் விதி: மருந்து இல்லை என்று நீங்கள் நம்பினாலும், மருந்து இருக்கிறது என்றே நடத்துங்கள். குழல்வாய் எப்போதும் ஆளில்லாத மண்மேட்டைப் பார்த்திருக்கட்டும். வீட்டுச் சுவரைப் பார்த்தோ, பாதையைப் பார்த்தோ, உங்கள் முகத்துக்கு நேரே மேல்நோக்கியோ இருக்கக் கூடாது. கேப்பு வெடித்தும் சுடவில்லையென்றால் அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் வேண்டாம். பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, தீ உள்ளே போகும் வழியை அடைப்பது. முளையின் மேல் வெடிக்காத கேப்பு இருந்தால் குதிரையைக் கட்டைவிரலால் இறுகப் பிடித்துப் பாதியளவு தூக்கி, கேப்பை மெல்ல எடுத்துத் தூர வையுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தி முனையால் நெம்ப வேண்டாம். தேய்ந்துபோன நாட்டுத் துப்பாக்கியில் குதிரை பாதியில் நிற்கும் என்பதையும் நம்ப வேண்டாம். கேப்பை எடுத்த பிறகு முளைக்கும் குதிரைக்கும் நடுவே தடித்த தோல்துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

பிறகு அளவு பார்க்க வேண்டும். மரக்கோல் ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, அது முட்டி நின்றதும் குழல்வாய் மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். முகமும் உடம்பும் பக்கவாட்டில் இருக்கட்டும், விரல் குழல்வாய்க்கு மேலே போகக் கூடாது. கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி முளைக்கு அருகே வந்துவிட்டால் குழல் காலியாக இருக்கக்கூடும். கொஞ்சம் முன்னே நின்றால் குண்டோ ரவையோ மட்டும் இருக்கக்கூடும். அதைவிட முன்னே நின்றால் மருந்தும் இருக்கக்கூடும், ஒன்றுக்கு மேற்பட்ட சுமையும் இருக்கக்கூடும். 'கூடும்' என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ரவையின் அளவும் அடைப்பின் தடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இது ஓர் அறிகுறிதான், சான்று ஆகாது. குழல் நிச்சயமாகக் காலியாக இருக்கும்போதே கோலில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகம் பாதி குறையும்.

இதற்குப் பிறகு முளைத் துளை வழியே தண்ணீரோ மெல்லிய எண்ணெயோ சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணி நேரம் ஊறவிடுவது வழக்கம். கருமருந்தில் உள்ள வெடியுப்பு தண்ணீரில் கரையும்; நனைந்த மருந்து பற்றாது. மருந்து உண்மையிலேயே இல்லையென்றால் இதனால் நட்டமும் இல்லை. ஆனால் அடைப்பு இறுக்கமாக இருந்தால் ஈரம் எல்லா இடத்துக்கும் போயிருக்காது, காய்ந்தால் மருந்து மறுபடி பற்றவும் பற்றும். ஊறப்போட்டாயிற்று என்று கவனத்தைத் தளர்த்த வேண்டாம்.

இனி வெளியே எடுப்பது. அடைப்பை எடுக்கச் சுருள் திருகும், ஈயக் குண்டை எடுக்கக் கூர்மையான திருகாணி முனையும் இருக்கின்றன. இரண்டும் கோலின் நுனியில் மரையோடு பொருந்துபவை. சுருளைக் குழலுக்குள் விட்டு வலப்பக்கமாகத் திருகினால் தேங்காய் நாரோ துணியோ சுருளில் சிக்கும். பிறகு உடம்பைக் குழல்வாய்க்கு நேரே வைக்காமல், பக்கத்தில் நின்று நிதானமாக இழுக்க வேண்டும். ஈயம் மென்மையானது, திருகாணி அதில் இறங்கிக் கடிக்கும். நம் ஊரில் ஈயத்துக்குப் பதில் 'பால்ரஸ்' எனப்படும் எஃகு உருண்டைகளைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஃகில் எந்தத் திருகும் இறங்காது. சிறு உருண்டைகளாக இருந்தால் மேல் அடைப்பை எடுத்ததும் குழலைச் சாய்த்தாலே உதிர்ந்துவிடும். குழலை அடைக்கும் அளவுக்குப் பெரிய உருண்டை ஒன்று சிக்கியிருந்தால் அதோடு வீட்டில் மல்லுக்கட்டக் கூடாது.

ரவைக்கு அடியில் இன்னோர் அடைப்பு இருக்கும். கவனம் முழுவதும் தேவைப்படும் இடம் இதுதான். அதைப் பிடித்து இழுத்ததும் பின்னாலேயே கரும்பொடி மணல்போலக் கொட்டினால், "மருந்து போடவில்லை" என்று இவ்வளவு நேரம் நம்பியது பொய் என்று பொருள். உடனே நிறுத்தி, கொட்டியதன்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். குழலிலும் தாராளமாக ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றுங்கள். எதுவும் கொட்டாமல், கோல் அடிமட்டம்வரை போய் உலோகத்தில் முட்டும் ஓசை தெளிவாகக் கேட்டால்தான் குழல் காலி. அப்புறம் சுடுநீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். எரிந்த மருந்தின் கரி ஈரத்தை இழுத்துக் குழலை அரித்துவிடும்.

இன்னும் இரண்டு வழிகளை வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஒன்று, முளை வழியே அழுத்திய வாயுவைச் செலுத்திக் குண்டைத் தள்ளுவது. அதற்கென்று செய்த கருவி இருந்தால் நல்ல வழி. குண்டு வேகமாக வெளிவரும் என்பதால் முன்னால் மண்மேடு இருந்தே தீர வேண்டும். மற்றொன்று, முளையைக் கழற்றி அந்தத் துளையில் சிட்டிகை மருந்தை இட்டு, முளையை மறுபடி பொருத்திச் சுட்டுவிடுவது. சோதிக்கப்பட்ட தொழிற்சாலைக் குழலில், குண்டை அடிவரை தள்ளி உறுதி செய்துகொண்டு, பழகியவர்கள் செய்வது அது. குண்டு நடுவழியில் நின்று, மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் பிளந்துவிடக்கூடும். எதற்கோ செய்த குழாயை வெட்டிப் பட்டறையில் உருவாக்கிய குழலில் இந்த இரண்டாவது வழி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செய்யக் கூடாதவை வேறு சில. இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. ஈயம் உருகட்டும் என்று குழலை நெருப்பில் காட்டாதீர்கள். அடிப்பக்கத்தின் மரையைக் கழற்ற முயலாதீர்கள். கொல்லன் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். அங்கே உலை எரிகிறது. தவிர, அதற்கான உரிமம் இல்லாமல் ஒருவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் சொல்லி, அவர் சொல்படி கேளுங்கள்.

இலங்கைத் தமிழில் இந்தத் துப்பாக்கியை இடியன் துவக்கு என்பார்கள். மருந்தையும் குண்டையும் கோலால் இடித்து இறக்குவதால் அந்தப் பெயர். கெட்டிக்கும் வேலை முழுவதும் அந்த இடிப்பில்தான் இருக்கிறது. ஆகவே இடிக்கிறவர் ஒருவராகவே இருக்கட்டும், இடித்து முடியும்வரை யாரும் அவரிடம் பேச வேண்டாம்.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் தொகுதிக்கும் அது பொருந்தும். கெட்டித்த துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டுப் பேருந்தில் ஏறாதீர்கள். காலி செய்ய முடியவில்லையென்றால் முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பெற்றுக்கொள்கிறவரிடம், "சார், உள்ளே குண்டு இருக்கு, மருந்து இருக்கா இல்லையான்னு நிச்சயமாத் தெரியலை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னால் அதைக் கையில் எடுக்கப்போகும் காவலருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உரிமம் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எதையும் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். தாமாக முன்வந்து ஒப்படைக்கும்படி காவல்துறை மலைக்கிராமங்களில் அறிவிப்பதுண்டு. அப்படி ஓர் அறிவிப்பு இப்போது நடப்பில் இருக்கிறதா என்று ஊர்ப் பெரியவர் மூலமோ வழக்கறிஞர் மூலமோ கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி கொடுத்துவிடுங்கள். பயத்தில் இரவோடு இரவாக ஓடைக்கரையிலோ கோயில் திண்ணையிலோ போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் அதை முதலில் பார்க்கப்போவது ஆடு மேய்க்கப் போகிற பிள்ளையாக இருக்கலாம். குழலுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.