மலையுச்சிக் கண்கள் – 9: இரவு கேட்டு ஒரு விண்ணப்பம்

தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து ஊருக்கு அருகே, வறண்ட மேட்டுநிலத்தில் நிற்கும் சால்ட் தொலைநோக்கியின் கண்ணாடியைச் சென்ற வாரம் பார்த்தோம். 91 அறுகோணத் துண்டுகள், சேர்ந்தால் ஏறத்தாழ 11 மீட்டர் அகலம். 2005இல் திறக்கப்பட்ட அந்தக் கண் இன்றிரவு எதைப் பார்க்க வேண்டும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தீர்மானமாகத் தொடங்கிவிட்டது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிய சில பக்கங்களில் அந்தத் தீர்மானம் இருக்கிறது.

சால்ட் ஒரு கூட்டுச் சொத்து. தென்னாப்பிரிக்காவோடு அமெரிக்காவின் விஸ்கான்சின், ரட்கர்ஸ், டார்ட்மவுத் முதலிய பல்கலைக்கழகங்கள், போலந்து, இந்தியா எனப் பலரும் அதில் பங்கு போட்டார்கள். ஏரிப் பாசனத்தில் நிலத்தின் அளவுக்குத் தக்க முறைத்தண்ணீர் விடுவதைப்போல, போட்ட பங்குக்குத் தக்கபடி ஒவ்வொருவருக்கும் தொலைநோக்கி நேரம் கிடைக்கும். இந்தியாவின் பங்கு புனேயில் இருக்கும் ஐயூகா மையத்தின் கையில். 1988இல் ஜயந்த் நார்லிகரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்ட அந்த மையத்தின் நோக்கமே, சொந்தமாகத் தொலைநோக்கி வைத்துக்கொள்ள வசதியில்லாத பல்கலைக்கழகங்களுக்கு வானியலின் கதவைத் திறந்துவிடுவதுதான்.

சால்ட்டின் ஆண்டு இரண்டு பருவங்களாகப் பிரிகிறது. மே முதல் அக்டோபர் வரை ஒன்று, நவம்பர் முதல் ஏப்ரல் வரை மற்றொன்று. பருவம் தொடங்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கூட்டாளிக்கும் நேரம் ஒதுக்கும் குழு ஒன்று உண்டு. துறை அறிந்த வானியலாளர்கள் அதில் இருந்து, வந்த விண்ணப்பங்களைப் படித்துத் தரவரிசைப்படுத்துவார்கள்.

அவர்கள் முதலில் தேடுவது கேள்வியை. விடை எப்படி வந்தாலும் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட கேள்விதான் நல்ல கேள்வி. அடுத்தது, இந்தத் தொலைநோக்கிதான் வேண்டும் என்பதற்கான காரணம். இங்கேதான் பல விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன. செலவைக் குறைப்பதற்காக சால்ட்டின் கண்ணாடியை உச்சியிலிருந்து 37 பாகை சாய்த்து நிலையாக வைத்திருக்கிறார்கள். நோக்கும் நேரத்தில் கண்ணாடி அசையாது. மேலே இருக்கும் கருவித்தொகுதிதான் விண்மீனின் பின்னால் நகரும். அதனால் வானில் வளையம்போன்ற ஒரு பட்டைதான் அதன் பார்வைக்குள் வரும். மெகல்லன் மேகங்களைக் கேட்கலாம். வடவானில் இருக்கும் ஆண்ட்ரோமீடாவைக் கேட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

பிறகு கணக்கு. மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தின் நிறமாலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரும் ஒளியில் உண்மையான குறிப்பும் இருக்கும், இரைச்சலும் இருக்கும். இரைச்சலுக்கு மேல் குறிப்பை இரு மடங்கு தெளிவாக்க நேரத்தை இரு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். அரை மணி நேரம் கேட்டவர் இரண்டு மணி நேரம் கேட்க வேண்டிவரும். சால்ட்டிலோ, பெரும்பாலான இலக்குகள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே பட்டைக்குள் தங்கும். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தைப் பல இரவுகளுக்குப் பிரித்துத்தான் எழுத வேண்டும். நிலவையும் சொல்ல வேண்டும். மங்கலான மண்டலங்களுக்கு அமாவாசையை ஒட்டிய இருள் இரவுகள் வேண்டும். பிரகாசமான விண்மீனைப் பார்ப்பவர் பௌர்ணமி இரவையும் வாங்கிக்கொள்ளலாம். எல்லாரும் இருள் இரவுகளையே கேட்பதால், நிலவொளியில் முடியும் வேலையை நிலவொளிக்கே கேட்பவருக்கு வாய்ப்பு கூடும்.

நேரம் கிடைத்தால் உடனே விமானம் ஏற வேண்டியதில்லை. நம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் விண்ணப்பம் போட்டுத்தான் நேரம் வாங்க வேண்டும். அங்கே நடந்துவந்த பழைய முறையில், ஒதுக்கிய தேதிக்கு ஆராய்ச்சியாளர் மலையேறிப் போவார். அன்று மேகம் மூடினால் அந்த இரவு போனதுதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த வலி அதிகம். சால்ட்டில் தேதி கிடையாது, வரிசைதான் உண்டு. தேர்வான வேலைகளுக்கு முன்னுரிமை எண் கொடுத்து வைத்திருப்பார்கள். அன்றைய வானம் எவ்வளவு தெளிவு, காற்று எவ்வளவு அமைதி, நிலவு எங்கே என்று பார்த்து, பொருத்தமான வேலையை அங்குள்ள வானியலாளரே எடுத்துச் செய்வார். தரவு மட்டும் விண்ணப்பித்தவரின் கணினிக்கு வந்து சேரும். காற்று கலங்கிய இரவில் தெளிவு அதிகம் தேவைப்படாத வேலை முன்னுக்கு வரும்; இரவு வீணாகாது.

இவ்வளவு நுணுக்கமான முறையும் ஓர் இடத்தில் வழுக்கக்கூடும். விண்ணப்பத்தைப் படிப்பவர் கேள்வியைப் பார்க்கிறாரா, கேட்டவரைப் பார்க்கிறாரா? 1945இல் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ், மவுன்ட் வில்சன் தொலைநோக்கியைப் பயன்படுத்த வழிசெய்யும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து அதே உதவித்தொகையை அவர் கணவர் ஜெஃப்ரி பெற்றார். கணவரோ கோட்பாட்டாளர், அவருடைய உதவியாளர் என்ற பெயரில் மலைக்குப் போய் வானத்தைப் பார்த்தவர் மார்கரெட்தான். தனிமங்கள் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கிய 1957ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பெயர் அவருடையது. பலோமார் வானாய்வகத்தில் வானியலாளர் வேரா ரூபின் முறைப்படி அனுமதி பெற்று நோக்கியது 1965இல்தான். அந்த அனுமதி பெற்ற முதல் பெண் அவர்.

எழுதப்பட்ட தடை நீங்கிய பிறகும் எழுதப்படாத தடை இருந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஆண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்களே ஆண்டுக்காண்டு சற்றுக் கூடுதலாகத் தேர்வாகிவந்தன. 2018இல் விண்ணப்பித்தவர் பெயரைக் குழுவிடமிருந்து மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்களின் தேர்வு 8.7 சதவீதம், ஆண்களுடையது 8.0. பெயரை மறைத்தால் புகழ்பெற்ற நிறுவனத்தின் முத்திரையும் கூடவே மறைகிறது. சிறிய கல்லூரியில் இருப்பவருக்கு இது பெரிய செய்தி.

அந்தச் சதவீதத்தை இன்னொரு முறை பாருங்கள். நூறு பேர் கேட்டால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘இல்லை’ என்ற பதில். தொலைநோக்கிக்குத் தொலைநோக்கி இந்தக் கணக்கு மாறும். ஆனால் மறுக்கப்படாத வானியலாளர் எங்குமே இல்லை. மறுப்போடு குழுவின் கருத்துகள் வந்தால், அதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைப்பது அரிது. கேள்வியைக் கூர்மையாக்கி, கணக்கைச் சரிபார்த்து, அடுத்த பருவத்துக்கு மறுபடி அனுப்புவதுதான் இத்துறையின் வழக்கம்.

தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். மலை இல்லை, கண்ணாடி இல்லை, காசு இல்லை என்று ஒதுங்க வேண்டாம். ஐயூகா வழியாகவும் காவலூர் வழியாகவும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஒரு நல்ல கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தக் கண் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் கேட்கத் தெரிந்தவர்கள் பெருகினால்தான் நம் பங்கு நேரம் நம் கேள்விகளுக்குச் செலவாகும்.

அடுத்த வாரம்: தொலைநோக்கியிலிருந்து வரும் பச்சைத் தரவு ஏன் அப்படியே பயன்படாது? அதைச் சுத்தம் செய்யும் வேலையைப் பார்ப்போம்.