டுபாயில் கார் இல்லாமல் தொழில்

டுபாயில் கார் இல்லாமல் தொழில் பார்க்க முடியுமா என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். தேய்ராவில் தங்கித் தொழில் செய்யும் நான் கார் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் கணக்குத்தான்.

கார் என்றால் மாதத் தவணை, காப்புறுதி, பெற்றோல், தரிப்பிடக் கட்டணம் என்று செலவு தொடரும். 2007இல் தொடங்கிய சாலிக் வீதிக் கட்டணம், 2025 முதல் நெரிசல் நேரத்தில் தடவைக்கு 6 திர்ஹம். 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவிலோ, சாதாரண நோல் அட்டைக்கு வலயங்களைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹம்தான். யூனியன் நிலையத்தில் மாறினால் பனியாஸ் சதுக்கம், அல் ராஸ் என்று சந்தைகளுக்கு அருகிலேயே இறங்கலாம். ஓடையைக் கடந்து பர் டுபாய் செல்ல, மர அப்ராப் படகுக்கு 1 திர்ஹம்.

ஆனால் மெட்ரோ ஆளுக்குத்தான், சரக்குக்கு அல்ல. ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டியும் ஒரு சிறிய பையுமே அனுமதி. டிராகன் மார்ட்டுக்கு இன்னும் மெட்ரோ இல்லை. பஸ் அல்லது டக்ஸிதான்.

ஆகவே மாதிரி பார்க்கவும் விலை பேசவும் மெட்ரோவில் போவேன். சரக்கைக் கடைக்காரரே கார்கோ களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்வேன். தங்குமிடத்தையும் நிலையத்துக்கு அருகிலேயே எடுத்திருக்கிறேன். கோடையில் பத்து நிமிட நடையே ஆளைச் சோர வைத்துவிடும்.

புதிதாகத் தொழில் தொடங்குவோர், முதல் வருடமாவது காருக்குப் போடும் பணத்தைச் சரக்கில் போடுங்கள். வியாபாரம் மந்தமான மாதத்திலும் காருக்குத் தவணை கட்டத்தான் வேண்டும்.